நிந்தவூர்க் கோப்பும் மருதமுனைக் கோப்பும்

என்னைக் கலியாணம் முடித்த மாப்பிள்ளை ஆமியில் தண்ணீர் பவுசர், அதாவது தாங்கி வைத்த லொறி, ஓட்டியவர். ஆமி என்றதும் ஆட்கள் துவக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர் பவுசரைப் பற்றிச் சொல்வார். எத்தனை கலன் பிடிக்கும், மேட்டில் ஏறும்போது உள்ளே தண்ணீர் எப்படிப் பின்னுக்கு அடிக்கும், பிரேக் பிடித்தால் எப்படி முன்னுக்கு வந்து வண்டியையே தள்ளும் என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்டவர் மெதுவாக எழும்பிப் போய்விடுவார். நான் எழும்பி எங்கே போவது. அதனால் அந்தக் கதை முழுவதும் எனக்குப் பாடம்.

அந்தக் கதைக்குள் ஒரு நாள் இருக்கிறது. ஒரு முகாமுக்குத் தண்ணீர் கொண்டு போனவர் அடிபாட்டுக்குள் அகப்பட்டுவிட்டார். காயப்பட்டவர்களை ஏற்ற வேறு வாகனம் உள்ளே வர முடியவில்லை. இவர் குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் நிலத்தில் விட்டுப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, ஐந்து பேரை ஏற்றி வெளியே கொண்டுவந்தார். இரண்டு பேர் தனக்குப் பக்கத்தில், மூன்று பேர் தாங்கிக்கு மேலே கயிற்றால் கட்டியபடி. ஐந்து பேரும் பிழைத்தார்கள். அதற்கு ஒரு பதக்கம், களத்தில் நின்ற காலத்துக்கு இன்னொரு பதக்கம் என்று அணிவகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பதக்கம் பிறகு வரும் என்றார்களாம். அவர் லீவு எடுத்துக்கொண்டு என்னைக் கலியாணம் முடிக்க வந்துவிட்டார்.

கலியாணம் முடிந்த கிழமையே இந்தக் கதையை எனக்குச் சொன்னார். நான் கண்ணாடி அலுமாரியில் நடுத் தட்டில் இரண்டு பதக்கத்துக்கு இடம் ஒதுக்கினேன். அந்த இடத்தில் பிறகு சீனிக் கோப்பை வந்தது, மகளின் பள்ளிக்கூடப் பரிசு வந்தது, கடைசியில் மருந்துப் போத்தல்களும் வந்தன. பதக்கம் மட்டும் வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஆட்கள், தண்ணீரைக் கீழே ஊற்றினதுக்கெல்லாம் பதக்கம் குடுப்பாங்களா என்று கேட்பார்கள். அங்கே அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் உப்பில்லை என்பார். உப்பு இருக்கும்.

போன வருடம் ஓய்வு பெற்ற படைக்காரர்களுக்கான சங்கம் ஒன்று, பதக்கம் பெற்றவர்களுக்குக் கௌரவம் செய்யப் போவதாகவும் சேவைப் பதிவின் பிரதியைக் கொண்டுவர வேண்டும் என்றும் அறிவித்தது. இவர் கொழும்பு ஆமிக் கந்தோருக்கு எழுதிப் பிரதி எடுப்பித்தார். பெயர், இலக்கம், பவுசர், ஓய்வு எல்லாம் சரி. பதக்கம் என்ற இடத்தில் ஒரு கோடு.

"கோடு எப்படி நேரா இரிக்கி பாத்தயா புள்ள," என்றார் என்னிடம். "அடிமட்டம் வச்சிக் கீறியிரிக்கான்."

திரும்பவும் எழுதினார். மூன்று மாதம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. நிந்தவூர் முகவரியில் அதே பெயரில் ஒருவர் இருந்தார், வேறு இலக்கம், அவருக்கு இரண்டு பதக்கம் கிடைத்தது உண்மைதான், ஆனால் அவர் கலியாண லீவில் போய்த் திரும்பி வராமல் படையை விட்டு ஓடியவர், ஆகவே பதக்கம் இரண்டும் நீக்கப்பட்டன, தாங்கள் மருதமுனைக்காரர், தங்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்று அதில் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு அவர் கடிதத்தை மடித்தார். திரும்ப விரித்தார்.

"நான் ஓடிப் போனவனாம்," என்றார்.

அன்று ஆணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இது எப்படி நடந்தது என்றால், எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்பிள்ளைக்கு உரியது. நிந்தவூரில் அவருடைய உம்மாவின் வீடு அவருடைய தங்கச்சிக்குப் போனது. அவர் ஒரு பயணப் பையோடு மருதமுனையில் என் வீட்டுக்கு வந்தார். அதே மாதம் அவருடைய படைப்பிரிவைக் கலைத்து ஆட்களைப் பிரித்துப் போட்டார்கள். அவருக்குப் புதுப் பிரிவு, புது இலக்கம். லீவு முடிந்து நேரே புது இடத்துக்குப் போய், முகவரி கேட்டபோது இனி என் வீடு மருதமுனை என்று எழுதிக் கொடுத்தார். பழைய பிரிவின் பட்டியலை வைத்திருந்த எழுதுவினைஞர் ஆளைக் காணவில்லை என்று தேடச் சொன்னார். ஆண் ஒருவன் கலியாணம் முடித்ததும் ஊர் மாறுவான் என்று அந்த எழுதுவினைஞருக்கு எப்படித் தெரியும். நிந்தவூர்க்காரர் ஓடிவிட்டார், மருதமுனைக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார் என்று இரண்டு கோப்பாகப் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு வரியும் கடிதத்தில் இருந்தது. ஆமிப் பொலிசார் நிந்தவூர் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது, அங்கே இருந்த ஆண் ஒருவர் அவர் போய்விட்டார், இனி வரமாட்டார் என்று சொன்னாராம்.

அந்த வீட்டில் அப்போது இருந்த ஒரே ஆண், இவருடைய தங்கச்சியின் மாப்பிள்ளை, இவருக்கு மச்சான். நெல் வியாபாரி. இன்றைக்குச் சிங்களம் தண்ணீராகக் கதைப்பார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது நாலைந்து சொல்தான். இவர் உடனே நிந்தவூருக்குப் பஸ் ஏறினார். போய்ச் சண்டை பிடித்துவிடுவார் என்று நானும் ஏறினேன்.

மச்சான் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் உட்காராமலே கேட்டார்.

"மச்சான், நான் கலியாணம் முடிச்ச நேரம் இந்த ஊட்டுக்கு ஆமிப் பொலிஸ் வந்ததா?"

மச்சான் தலையை ஆட்டினார். "ஓம். ரெண்டு பேர். மோட்டர் சைக்கிள்ள. நல்ல மனிசன்மார்."

"என்ன கேட்டாங்க?"

"ஒன்னத்தான் கேட்டாங்க. 'கியா' எண்டன். போயிட்டார் எண்டு. திரும்பி வருவாரா எண்டு கேட்டாங்க. 'என்னே நே' எண்டன். வரமாட்டார் எண்டு."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"மெய்யத்தானே சொன்னன். நீ போனதானே. திரும்பி வந்தயா?"

உள்ளே இவருடைய தங்கச்சி, என் மதினி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டியைத் தட்டுவது கேட்டது.

"மருதமுனைக்குப் போனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?"

"அதுக்குச் சிங்களத்துல என்ன சொல்ற எண்டு எனக்குத் தெரியுமா? நான் புது மாப்பிள்ளை. இந்த ஊட்டுக்கு வந்து பதினைஞ்சு நாள். ஆமிக்காரனுக்கிட்ட நிண்டு வளவளண்டு கதைக்கவா? ரெண்டு செவ்விளநி வெட்டிக் குடுத்தன். குடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"கிணத்தடி மரத்து இளநியா?"

"ஓம்."

"அது நான் வச்ச மரம்."

அதோடு சண்டை இளநீர்ப் பக்கம் திரும்பிவிட்டது. அரை மணித்தியாலம் அந்த மரத்தைப் பற்றியே கதைத்தார்கள். கடைசியில் மச்சான் கடிதத்தை வாங்கி, ஓடியவர் என்ற சொல்லில் விரலை வைத்தார். பிறகு எழும்பிச் சட்டையை மாட்டினார். ஜே.பி. என்கிற சமாதான நீதவான் ஒருவரிடம் போய், அன்று சொன்னது தான்தான், இவர் ஓடவில்லை, கலியாணம் முடித்துப் போனார் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார்.

கொழும்பிலிருந்து அதற்கும் பதில் வந்தது. இந்தக் கடதாசி ஒருவர் நிந்தவூரை விட்டுப் போனதைச் சொல்கிறது, மருதமுனைக்கு வந்தவர் அவர்தான் என்று சொல்லவில்லை. மருதமுனை வீட்டின் உரிமையாளர் ஆதாரங்களோடு நேரில் வர வேண்டும்.

ஆதாரம் தேடியபோதுதான், இவருடைய பெயரில் ஒரு கடதாசியும் இல்லை என்பது தெரிந்தது. வீட்டு உறுதிப் பத்திரம் முதலில் என் பெயரில் இருந்தது. மகளின் கலியாணத்தோடு மகளின் பெயருக்குப் போனது. கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் மகளின் பெயரில்தான் வருகின்றன. நாங்கள் இருவரும் பின்பக்க அறையில் இருக்கிறோம். கிராம சேவகர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒங்கட பேர்ல ஒண்டுமே இல்லையா காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ரெண்டு பதக்கம் இரிக்கி," என்றார் இவர். "அதத்தான் தேடுறம்."

இவர் மகளின் வீட்டில் வசிக்கிறார், அதற்கு முன் மனைவியின் வீட்டில் வசித்தார் என்று கிராம சேவகர் ஒரு கடிதம் கொடுத்தார். அதை இவர் இரண்டு தரம் வாசித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

உரிமையாளர் என்றால் அந்தக் காலத்தில் நான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வாசலில் யாராவது வழி கேட்டால் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். வங்கிக்குப் போனாலும் மகள்தான் கதைப்பாள். மகள் வரட்டும், இப்போது வீடு அவளுடையதுதானே என்று சொல்லிப் பார்த்தேன். தான் மருதமுனைக்கு வந்த நேரம் அவள் பிறக்கவே இல்லையே என்றார் இவர்.

கல்முனையில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம். கந்தோரில் எங்களைக் கூப்பிட்ட அதிகாரி ஒரு பெண், ஆமி உடுப்போடு, என் மகளின் வயது இருக்கும். மேசையில் இரண்டு கோப்பு. ஒன்று மெல்லியது, ஓரம் பழுத்தது. மற்றது தடித்தது. அவர் சிங்களத்தில் கேட்க, இவர் எனக்குத் தமிழில் சொன்னார். இவர் உங்கள் வீட்டில் கலியாணம் முடித்த நாளிலிருந்து இருக்கிறாரா என்பது கேள்வி.

நான், ஓம் என்றேன்.

அந்த ஓமை இவர் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். கை முன்னுக்குப் போனது, பின்னுக்கு வந்தது. அந்தக் கையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, தண்ணீர் பின்னுக்கு அடித்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று. அதிகாரி பேனையை வைத்துவிட்டு, உங்கள் மனைவி ஒரு சொல்தானே சொன்னார் என்று கேட்டாராம். பிறகு மணியை அடித்துத் தமிழ் தெரிந்த ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தார். இவரைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொன்னார்.

ஏன் அவர் சொந்த வீட்டை விட்டு வந்தார் என்பது அடுத்த கேள்வி. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு என்று நான் மெதுவாகச் சொன்னேன். பிள்ளை சொல்லிக் கொடுத்தாள். இப்போதும் அவர் உங்கள் வீட்டில்தானா என்று கேட்டார் அதிகாரி. இப்போது மகளின் வீட்டில் என்றேன். அவர் சிரித்துவிட்டார். மலைநாட்டில் தன் அம்மம்மாவின் ஊரிலும் இப்படிப் பெண் வீட்டுக்குப் போகும் கலியாணம் உண்டாம். அதற்குச் சிங்களத்தில் 'பின்ன' என்று பெயராம். ஆனால் அங்கே அப்படிப் போகிற ஆணை ஆட்கள் பகிடி பண்ணுவார்களாம். இவர் தாடையைத் தூக்கிக்கொண்டு, எங்கட ஊருல எல்லாரும் அப்படித்தான், பகிடி பண்ண ஆள் மிச்சமில்லை என்று சிங்களத்தில் சொன்னதாகப் பிள்ளை எனக்குச் சொன்னாள்.

அதிகாரிக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வழக்கத்தை நம்பிக் கோப்பைத் திருத்த ஏலாது, ஆள் ஒன்றுதான் என்று கடதாசியில் காட்ட வேண்டும் என்றார். மெல்லிய கோப்பைத் திறந்தார். படையில் சேர்ந்த நேரம் வைத்தியர் எழுதிய அடையாளம் அதில் இருந்தது. அதை மட்டும் வாசித்தார். பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, மண்ணிற மறு ஒன்று. எந்தப் பக்கம் என்பதைச் சொல்லவில்லை. அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி ஒன்றும் தனக்கு இல்லை என்றார். என் உடம்பு எனக்குத் தெரியாதா என்றார். இரண்டு தரம் சொன்னார், சத்தமாக.

அப்படியென்றால் இந்தக் கோப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லி அதிகாரி அதை மூடினார்.

மூடின சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இவருடைய முகம் அடிபட்ட மாதிரி ஆகிவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். தாங்கிக்கு மேலே கயிற்றால் கட்டிக் கொண்டுவந்த மூன்று பேரும் அந்தக் கோப்புக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இந்த மனிசன் தன் வாயாலேயே அதை மூடிவிட்டாரே. என் வாய்க்குள் ஒரு சொல் நின்றது. அதை வெளியே விட்டால் அந்த அறையில் நான் எப்படி இருப்பது என்றும் தெரியவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இஞ்சாருங்க. இரிக்கி."

"என்ன இரிக்கி?"

"அது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. பிள்ளை, என்ன அம்மா என்று குனிந்தாள். எந்தப் பக்கம் என்று அதிகாரி கேட்கச் சொன்னார். அந்தப் பிள்ளையின் காதைப் பிடித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வலப்பக்கம், இடுப்பு நாரிக்குக் கீழே, உட்கார்ந்தால் கதிரையில் படுகிற இடம் என்று சொன்னேன். பிள்ளையின் காது என் கைக்குள்ளேயே சூடானது. அவள் சொன்னாள். அதிகாரி கோப்பைத் திரும்பத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்கத் தொடங்கி, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். நாரிப் பிடிப்புக்கு எண்ணெய் தடவுகிறவள் நான்தான் என்று சொல்ல நினைத்தேன். யாரும் கேட்கவில்லை.

இவரை ஓர் ஆண் மருத்துவ உதவியாளரோடு பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு திரும்பி வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். உதவியாளர் அதிகாரியிடம் தலையை ஆட்டினார். நான் வீட்டுக்காரி என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். என் பெயரை எழுத எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ் மகியங்கனையைத் தாண்டியதும் கேட்டார்.

"இவ்வளவு காலமா ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே."

"இரிக்கிதெண்டு தெரியாம நான் எப்பிடிக் கேக்கிற?"

அதுவும் நியாயம்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருத்திய பதிவு நாலு மாதத்தில் வந்தது. இரண்டு கோப்பும் ஒன்றாகிவிட்டன. ஓடியவர் என்ற சொல்லை வெட்டி, இடம் மாறியவர் என்று போட்டிருந்தார்கள். பதக்கங்கள் என்ற இடத்தில் இரண்டு வரி, நல்ல கறுப்பு எழுத்தில். இவர் அந்த இரண்டு வரியையும் எனக்கு வாசித்துக் காட்டினார். மகளுக்கு வாசித்துக் காட்டினார். கிராம சேவகரின் கந்தோருக்கும் கொண்டு போகப் புறப்பட்டவர், வாசலில் நின்றுவிட்டார். பதக்கத்துக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. அடையாள மறு, இன்ன இடத்தில், இன்ன பக்கத்தில், மனைவியின் வாக்குமூலத்தாலும் பரிசோதனையாலும் உறுதி செய்யப்பட்டது.

போட்டோப் பிரதிக் கடைக்குப் போய் அந்த வரிக்கு மேலே ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை வைத்துப் பிரதி எடுத்துச் சங்கத்துக்குக் கொடுத்தார். ஏதோ மறைத்திருக்கிறீர்கள், இப்படிப்பட்ட பிரதியை ஏற்க மாட்டோம், மூலத்தைக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் முழுவதும் யோசித்தார். பதக்கம் இல்லாமல் இருக்கிறதா, மறுவோடு இருக்கிறதா என்று யோசித்திருப்பார். கடைசியில் மூலத்தையே கொண்டு போய்க் கொடுத்தார்.

கல்முனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். நான் பெண்களின் வரிசையில் சுவரோரம் இருந்தேன். மச்சானும் நிந்தவூரிலிருந்து வந்து முன்னுக்கு உட்கார்ந்திருந்தார். அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, அவரவருடைய பதிவைக் கையில் வைத்துச் சிங்களத்திலும் தமிழிலும் வாசித்தார். இவருடைய முறை வந்தது. பெயர் வாசித்தார், இரண்டு இலக்கத்தையும் வாசித்தார், காயப்பட்ட ஐந்து பேரை உயிரோடு கொண்டுவந்ததற்கு என்று வாசித்தார். சபை கை தட்டியது. களத்தில் நின்றதற்கு என்று இரண்டாவதை வாசித்தார். இவர் அட்டென்சனில் நின்றார். ஆனால் கண் முழுவதும் அறிவிப்பாளரின் கையில் இருந்த கடதாசியில். அறிவிப்பாளர் மூன்றாவது வரிக்கு வாய் திறந்தார். கொஞ்சம் நின்றார். கடதாசியைத் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அதைத் திருப்பி மேசையில் வைத்தார். ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, கொழும்பிலிருந்து அனுப்பியிருந்த இரண்டு பதக்கத்தையும் இவருடைய சட்டையில் குத்தினார். மச்சான் எழும்பி நின்று எல்லாரையும் விடக் கூடுதலாகக் கை தட்டினார்.

கூட்டம் முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். வழியில் இரண்டு பேர் சலாம் சொல்லிப் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். இவர் எதுவும் கதைக்கவில்லை, பவுசரைப் பற்றிக்கூட. சந்தைப் பக்கம் ஆட்கள் குறைந்த இடத்தில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அது எவ்வளவு பெருசு?"

நான் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரு பதக்கத்துக்கு மேலே வைத்துப் பார்த்தார்.

"இதவிடச் சின்னந்தான்," என்றார்.